மூணுக்காரியும் நாலுக்காரரும்

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணி பஸ் வருவதற்குச் சற்று முன்னால், செவல்குறிச்சியில் இருந்த பொருட்களெல்லாம் இனிமேல் தங்களை ஒரே மாதிரி பங்கு போட்டிருந்தால்தான் ஒன்றோடொன்று சேருவது, இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பதோடு சரி, கலப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டன.

இது முதலில் தெரிந்தது நம்பிராசனின் டீக்கடையில். பஸ்ஸுக்கு நின்ற மூன்று பேர் ‘டூ பை த்ரீ’ சொல்லி இரண்டு டீயை மூன்று கிளாஸில் வாங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கு வயிறு சரியில்லை. தன் பங்கை அப்படியே பக்கத்துப் பெஞ்சில் இருந்த கொத்தனாரிடம் நீட்டினார். கொத்தனார் ஏற்கெனவே ‘ஒன் பை டூ’ வாங்கித் தன் சொம்பில் ஊற்றி வைத்திருந்தார், இதையும் அதில் ஊற்றினார், ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே நின்றது. அடியில் அரை டீ, மேலே மூன்றில் இரண்டு டீ, நடுவில் வேட்டிக்கரை மாதிரி ஒரு கோடு. கொத்தனார் மேலே இருந்ததை முதலில் குடித்தார், அடியில் இருந்ததைப் பிறகு குடித்தார், ரெண்டும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

கடைக்குக் கடலைமிட்டாய் போட வந்திருந்த ஆவுடைத்தங்கம் மட்டும் சொம்புக்குள் எட்டிப் பார்த்து அந்தக் கோட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். கொண்டுவந்த மிட்டாயைப் பாட்டிலில் போட மறந்து நின்றாள். ஏனென்றால் சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து வரும் புதன்கிழமை அவளுக்கும் இந்த டீக்கடை நம்பிராசனுக்கும் அரிசி கலக்கிறதாக நாள் குறித்திருந்தது.

அரிசி கலக்கிறது என்றால் செவல்குறிச்சியில் நிச்சயதார்த்தம். தாம்பூலம், பூ, மோதிரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெண் வீட்டு அரிசியும் மாப்பிள்ளை வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் விழுந்து எது யாருடையது என்று தெரியாமல் போக வேண்டும், அந்த அரிசியில் பொங்கல் வைத்து ஊர் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் உறுதி. இதில் ஒரு வழக்கம் உண்டு. நிறைபடியாகக் கொண்டு போகக் கூடாது. முழுசாகக் கொண்டு போவது திமிர், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லுகிற மாதிரி ஆகிவிடும் என்பதால், கடைசிப் படியில் ஒரு பங்கை வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் கொண்டு போவார்கள். எத்தனையில் ஒரு பங்கு என்பது அந்தந்த வீட்டுப் பழக்கம்.

ஆவுடைத்தங்கம் வீட்டில் எல்லாம் மூன்று. அவளோடு பிறந்தது இரண்டு தங்கைகள், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு மாம்பழமானாலும் கருப்பட்டியானாலும் அவள் கையால் மூன்றாக வெட்டித்தான் மூவரும் சாப்பிட்டார்கள். மிட்டாய் போட்டு, மிட்டாய் விற்று, இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அவள் தோசையை மூன்றாகத்தான் பிய்த்தாள், ஒன்றைத் தின்றாள், மற்ற இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் தின்றாள். நம்பிராசன் வீட்டில் எல்லாம் நாலு. அண்ணன், தம்பி நாலு பேரில் அவர் கடைசி. அண்ணன்மார் மூவரும் ஆளுக்கொரு ஊருக்குப் போய், பெண்டாட்டியும் ஆறு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய், தனியாள் ஆன பிறகும் அவர் பழத்தை நாலாகத்தான் நறுக்குவார்.

பதினோரு வருஷமாக அவள் மிட்டாயை அவர் கடைப் பாட்டிலில் போட்டுவருகிறாள், பதினோரு வருஷமாக ஊரைப் போலவே அவளும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுவந்தாள். சம்பந்தம் பேசி முடித்த நாளிலிருந்து அண்ணாச்சி என்று கூப்பிட முடியாது, வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாது, அதனால் மூன்று வாரமாகக் கடை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். நாற்பத்தியொரு வயதில் எதற்கு இதெல்லாம் என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் யாருக்காவது ஒரு வாய் பேச்சுக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. இந்த அரிசி சேராமல் போனால் தனக்கு இன்னொரு அரிசி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஊர், தன் பங்குக்கு, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. முழுசும் முழுசும் சேருவதில் ஒரு சிக்கலும் இல்லை, ஒரு படியும் இரண்டு படியும் பார்த்த உடனே மூன்று படியாகிவிடும். அரையும் காலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், கொஞ்ச நேரம் முறைத்துக்கொள்ளும், பிறகு அரை தன்னை இரண்டு காலாக்கிக்கொண்டு முக்காலாகிவிடும். வம்பெல்லாம் மூன்றில் ஒன்றால்தான். காலுக்குப் பேர் உண்டு, அரைக்குப் பேர் உண்டு, முக்காலுக்கு உண்டு, அரைக்காலுக்கும் வீசத்துக்கும்கூட உண்டு, மூன்றில் ஒன்றுக்கு மட்டும் பேச்சுவழக்கில் ஒரு பேர் கிடையாது, அந்தக் கோபத்தில்தான் அது யாரோடும் சேராமல் நிற்கிறது என்று பாதி ஊர் சொன்னது. பஞ்சாயத்துத் தலைவர் செல்லக்கனி உடனே அம்மன் கோயிலில் வைத்து மூன்றில் ஒன்றுக்குப் பேர் சூட்டு விழா எடுத்தார். மூன்று தெருக்காரர்கள் மூன்று பேர் கொண்டுவந்தார்கள், ஒரு தெருப் பேரை இன்னொரு தெரு ஒத்துக்கொள்ளவில்லை, சுண்டலைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கிறிஸ்துதாஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார், மதுரையில் அவருக்கு இருபது நாள் பயிற்சி வகுப்பு.

“இது ஒண்ணுமில்ல தலைவரம்மா, மீ.சி.ம. எடுக்கணும்,” என்றார் படியில் கால் வைத்துக்கொண்டே.

“எங்க இருந்து சார் எடுக்கணும்?”

“ரெண்டு பகுதிக்கும் நடுவுல இருந்துதான்,” என்றார், பஸ் கிளம்பிவிட்டது.

ரெண்டு பகுதிக்கும் நடுவில் என்றால் கீழப் பகுதிக்கும் மேலப் பகுதிக்கும் நடுவில் என்று புரிந்துகொண்டு, தபால் பெட்டியை ஒட்டி ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தார்கள், பழைய குழாய் ஒன்றுதான் கிடைத்தது. அடுத்த நாள் செல்லக்கனி இரண்டு பேரைக் கோவில்பட்டிக்கு அனுப்பி, எந்தக் கடையில் இருந்தாலும் கால் கிலோ மீ.சி.ம. வாங்கிவரச் சொன்னார். அவர்கள் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று நினைத்த ஒரு புண்ணியவான் கொடுத்த பெருங்காயத்தோடு திரும்பினார்கள். ஊரெல்லாம் ஒரு வாரம் சாம்பார் நன்றாக இருந்தது.

அதற்குமேல் யாரும் மெனக்கெடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனையா வெட்டுவீங்க என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வந்து, மூன்றில் ஒரு மணி நேரம் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களுக்கு இரண்டு தனித்தனிக் களைப்பு இருந்தது, ஒன்றுக்கு மோரும் இன்னொன்றுக்கு வெந்நீரும் கொடுத்தார்கள். ஒன்றேகால் மீட்டர் துணியோடு மூன்றில் ஒரு மீட்டரைச் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டுகள் கையை உயர்த்தும்போது பிரிந்தன, ஆகவே பெண்கள் கையை உயர்த்தாமல் பேசிப் பழகினார்கள், ஊரில் சண்டை கொஞ்சம் குறைந்தது. வசதி உள்ள நாலைந்து வீட்டார் எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் முழுசு முழுசாகவே வாங்கி முழுசு முழுசாகவே தின்றார்கள், யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனதில் அவர்களுக்கு ஒரு நிம்மதியும் வந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வெட்டுக் கணக்கைக் கேட்டார்கள், மேலத்தெருவில் ஒரு சம்பந்தம் அதனாலேயே நின்றது. அதைக் கேட்ட அன்று ஆவுடைத்தங்கம் பாகைத் தீயவிட்டாள்.

எட்டாம் நாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் தன் அரிசியை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று படியில், கடைசிப் படியின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, இரண்டே மூன்றில் இரண்டு படி. அவர் இரண்டு படியில் கால் படியை எடுத்துவிட்டு ஒன்றே முக்கால் படி வைத்திருந்தார். பால் காய்ச்சுகிற குண்டானில் இரண்டையும் கொட்டினார்கள். முழுப்படிகள் மூன்றும் சிரித்த முகமாகச் சேர்ந்துகொண்டன. அவற்றின் தலைக்கு மேல் மூன்றில் இரண்டு ஒரு பக்கமும் முக்கால் ஒரு பக்கமும் ஒதுங்கி நின்றன, நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி. அவர் கரண்டியால் கிண்டினார். கிண்டும்வரை கிண்டவிட்டு, பிறகு அரிசி தன் இடத்துக்குத் திரும்பியது.

“இன்னும் ஒருக்கா கிண்டிப் பாருங்க அண்ணா—” என்று வாய்வரை வந்ததை அவள் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

“விடு ஆவுடை, பாத்துக்கிடலாம்,” என்றார் நம்பிராசன்.

அவர் பாத்துக்கிடலாம் என்றதற்கு அர்த்தம் அவர் இரகசியமாக ஒரு வாரம் மூன்றாக வெட்டிப் பழகினார் என்பது. பன்னை மூன்றாக, வாழைப்பழத்தை மூன்றாக, கைவிரலில் வெட்டுப்பட்டால் அதற்கு ஒட்டும் பிளாஸ்டரையும் மூன்றாக. அதே ஒரு வாரம் அவளும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் நாலாக வெட்டிப் பழகினாள், நாலாவது துண்டை யாருக்கு என்று வைப்பது எனத் தெரியாமல் முதல் இரண்டு நாள் அழுகை வந்தது, பிறகு யாருக்கு என்று தெரிந்தது, வெட்கம் வந்தது. பதினைந்தாம் நாள் மதியம் மறுபடி குண்டானில் கொட்டினார்கள். அவள் இரண்டே முக்கால் படி கொண்டுவந்திருந்தாள், அவர் ஒன்றே மூன்றில் இரண்டு படி அளந்து வைத்திருந்தார். அரிசி முன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

இரண்டு பேரும் குண்டானைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

சரி, யாராவது ஒருவர் மாறினால் போதும் என்று பேசி முடிப்பதற்குள் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே அண்ணன்மார் மூவரும் கடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். மூத்தவர் ஆறுமுகநயினார், வந்ததும் வராததுமாக, நம்ம வீட்டு அரிசி நாலில் ஒரு பங்கு எடுத்துவிட்டுத்தான் போகும், அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், அது மாறினால் நான் பஸ் ஏறிவிடுவேன் என்றார். ஆவுடைத்தங்கத்தின் வீட்டில் தங்கை பிரம்மசக்தி அதற்குக் குறையாமல் நின்றாள்.

“எடுத்து வைக்கிற பங்கு மூணுல ஒண்ணா இருந்தாத்தான் அது நாம மூணு பேரு பங்கு. நாலாக்கிட்டா எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போறன்னு அர்த்தம். போறதுன்னா சொல்லிட்டுப் போக்கா,” என்று மூக்கைச் சிந்தினாள்.

அன்று சாயங்காலம் நம்பிராசன் மிட்டாய் வீட்டுக்கு வந்தபோது ஆவுடைத்தங்கம் அப்போதுதான் பாகையும் கடலையையும் பலகையில் கொட்டிப் பரத்தியிருந்தாள். சூடு ஆறுவதற்குள் வெட்ட வேண்டும். கத்தியை எடுத்து நீளவாக்கில் இரண்டு கோடு இழுத்தாள், மூன்று பட்டை ஆயிற்று.

“நீங்க மூணுக்கு வந்துருங்க,” என்றாள் தலையைத் தூக்காமல்.

“அண்ணன்மாரு மூணு பேரும் வந்து உக்காந்துருக்காக. நான் எப்படி ஆவுடை வர முடியும்? நீதான் நாலுக்கு வரணும்.”

“என் தங்கச்சி அழுதுக்கிட்டு இருக்கா.”

“எங்க அண்ணன் பையைத் தோள்லயே மாட்டிக்கிட்டு இருக்காரு.”

“அப்ப பஸ் ஏறச் சொல்லுங்க. நான் நாப்பத்தியொரு வருசம் சும்மாத்தான இருந்தேன், இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்,” என்றாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் மனசிலிருந்து வரவில்லை.

நம்பிராசன் பதினோரு வருஷத்தில் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இப்போது பட்டார். “பதினொரு வருசமா மூணாவே வெட்டித் தார. இன்னைக்கு ஒரு நாளாவது என் கடைக்கு நாலா வெட்டிக் கொடுத்தா என்ன?” என்று அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, குறுக்குவாக்கில் சரக் சரக்கென்று மூன்று கோடு இழுத்தார். இழுத்துவிட்டுக் கத்தியை வைத்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள்.

அவள் நீளவாக்கில் வெட்டியது மூன்று, அவர் குறுக்குவாக்கில் வெட்டியது நாலு, பலகையில் ஒரே அளவாகப் பன்னிரண்டு துண்டு கிடந்தது. ஓரத்துத் துண்டு ஒன்று சரிந்து பக்கத்துத் துண்டின் மேல் விழுந்தது, விழுந்தது ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்துப் பார்த்தாள், வரவில்லை. இந்தப் பதினெட்டு நாளில் மூணுக்காரர் மிட்டாயையும் நாலுக்காரர் மிட்டாயையும் கொதிக்கிற பாகு ஊற்றினாலும் ஒட்ட முடிந்ததில்லை.

ஆவுடைத்தங்கம் விரலை வைத்துத் தன் பட்டை ஒன்றை எண்ணினாள். நாலு துண்டு. அவருடைய வரிசை ஒன்றை எண்ணினாள். மூன்று துண்டு. மறுபடி எண்ணினாள்.

“மூணுக்காரிக்கு நாலு வந்துருக்கு,” என்றாள் மெதுவாக. “நாலுக்காரருக்கு மூணு வந்துருக்கு.”

“யாரும் மாறலையே,” என்றார் அவர்.

“மாறல. இன்னும் கொஞ்சம் பொடிசா வெட்டிருக்கோம், அவ்வளவுதான்.”

அப்படியானால் அரிசிக்கும் பன்னிரண்டில் ஒரு படி அளக்கிற ஏனம் ஒன்று வேண்டும். அது எந்தக் கடையில் கிடைக்கும், கோவில்பட்டிக்கு இன்னொரு தடவை ஆள் அனுப்ப வேண்டுமா என்று அவள் யோசிக்கும்போதே நம்பிராசன் கடைக்கு ஓடினார், டீ கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அரிசிப் படியில் கிளாஸ் கிளாஸாகப் போட்டார்கள். பத்து போட்டபோது குறைவாக இருந்தது, பதினொன்று போட்டபோது கொஞ்சம் குறைவாக இருந்தது, பன்னிரண்டாவது கிளாஸ் போட்டதும் படி தலைதட்டி நின்றது. வருஷக்கணக்காக ஊரே வாய்வைத்துக் குடித்த கிளாஸ் அது.

புதன்கிழமை காலை அம்மன் கோயில் வாசலில் அண்டா வைத்தார்கள். மொத்த ஊரும் வந்திருந்தது, சேராது என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். ஆவுடைத்தங்கம் இரண்டு முழுப்படியைப் போட்டாள், நம்பிராசன் ஒரு முழுப்படியைப் போட்டார், மூன்றும் சேர்ந்தன, இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு அவள் தன் மூன்றில் இரண்டைப் படியிலிருந்து கவிழ்க்காமல், டீ கிளாஸை எடுத்து ஒன்று ஒன்றாக அளந்து போட்டாள், எட்டு வந்தது. பிரம்மசக்தி விரல்விட்டு எண்ணி, வீட்டில் எடுத்து வைத்த பங்கு மூணில் ஒண்ணுதான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். அதே கிளாஸை நம்பிராசன் வாங்கித் தன் முக்காலை அளந்தார், ஒன்பது வந்தது. ஆறுமுகநயினார் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, எடுத்தது கால்தானே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார்.

எட்டும் ஒன்பதும் பதினேழு. அண்டாவுக்குள் பதினேழு கிளாஸ் அரிசியும் ஒரு நொடி சும்மா கிடந்தது. பிறகு அதில் பன்னிரண்டு கிளாஸ் எழுந்து, கைகோத்து, ஒரு முழுப்படியாகி, கீழே இருந்த மூன்றோடு போய் உட்கார்ந்துகொண்டது. மேலே மிச்சம் ஐந்து கிளாஸ், கோடும் இல்லை இடைவெளியும் இல்லை, எது யார் வீட்டு அரிசி என்று அம்மனுக்கும் தெரியாது.

“நாலா?” என்றார் ஆறுமுகநயினார். “ரெண்டும் ஒண்ணும் மூணு. மூணேகாலோ மூணரையோதான வரணும். நாலாவது படி யாரு போட்டது?”

“யாரும் போடல,” என்றார் செல்லக்கனி. “ரெண்டு வீட்டுக் குறையும் சேந்து வந்தது.”

செவல்குறிச்சியில் அதற்குப் பிறகு எல்லாரும் டீ கிளாஸால் அளக்கத் தொடங்கினார்கள், மேலத்தெருவில் நின்றுபோன சம்பந்தமும் திரும்பக் கூடியது, இரண்டு வருஷம் கழித்து எல்லாவற்றையும் ஐந்தாக வெட்டுகிற குடும்பம் ஒன்று குடிவந்தபோது ஊரே உட்கார்ந்து யோசித்து அந்தக் கிளாஸைவிட ஐந்து மடங்கு சின்னதாக ஒரு கரண்டி செய்துகொண்டது. மதுரையிலிருந்து திரும்பிவந்த கிறிஸ்துதாஸ் வாத்தியார், இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன் என்றார், அவருக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தார்கள்.

ஆனால் அது பிற்பாடு. அந்தப் புதன்கிழமை காலையில் ஆவுடைத்தங்கம் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தியொரு வருஷமாக எதை எண்ணினாலும் இரண்டும் கொஞ்சமும்தான் தன்னிடம் இருக்கிறது, அந்தக் கொஞ்சத்தால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவந்தவள் அவள். யாரும் போடாத அந்த நாலாவது படி அங்கே உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு முழுப்படி நாலையும் எடுத்தார்கள். மிச்சம் ஐந்து கிளாஸை என்ன செய்வது, ஆளுக்கொரு பிடி கொடுத்துவிடலாமா என்று செல்லக்கனி கேட்டார். ஆவுடைத்தங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏங்க,” என்றாள், “அந்த அஞ்சு கிளாஸை நம்ம வீட்டுக்கு எடுத்து வைங்க. இன்னும் யாராச்சும் வந்தா சேத்துக்கிடலாம்.”

ஊர் மொத்தமும் அந்த ஏங்கவைக் கேட்டது, மொத்தமும் நம்பிராசனைத் திரும்பிப் பார்த்தது. பதினோரு வருஷம் அண்ணாச்சியாக இருந்த மனிதர் அரிசி அள்ளிய கிளாஸ் சாய்வது தெரியாமல் அவளையே பார்த்தார், அதிலிருந்து கொஞ்சம் அரிசி மண்ணில் சிந்தியது. அது எத்தனையில் ஒரு பங்கு என்று யாரும் கேட்கவில்லை.